ஒற்றைப்படை

ஐந்நூறு கெஜம் என்றால் இருபது நீளம்.
பத்து முறை இந்தச் சுவருக்கு வருவாள்.
மறுமுனையில் மண்டியிட்டு
எண் பலகையை நீருக்குள் அமிழ்த்திப் பிடிப்பது என் வேலை.
ஒன்று. மூன்று. ஐந்து.
இந்தப் பக்கத்தில் இரட்டைப்படை எண்களே கிடையாது.

ஆகஸ்டிலிருந்து
விடிகாலை ஐந்தேகாலுக்கு ஒரே கதவின் முன் நின்றவர்கள்
பா நியாவும் நானும்.
காவலாளி சாவி தேடும் நேரத்தில்
அவள் அப்பா விளக்கை அணைக்காமல் காத்திருப்பார்.
ஜன்னல் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வருபவர்.
எங்கள் இருவர் நிழலும் செங்கல் சுவரில்
ஒரே தடித்த ஆளாக நிற்கும்.
அவள் பையில் ஒட்டரிசி, தாளில் சுற்றியது.
பாதி எனக்கு.

நவம்பர் வந்ததும்
வாகன நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள்
ஈரமுடி குச்சி குச்சியாக உறைந்துவிடும்.
வேதியியல் வகுப்பில் பின்னால் இருக்கும் டெக்லன்,
"குளோரின் பாடத்துக்குப் புத்தகம் எதுக்கு,
இவளை முகர்ந்தாப் போதும்" என்பான்.
சிரிப்பேன். சிரிக்கத் தோள் வலிக்கும்.

மண்டலப் போட்டிக்கு நான்கு இடம்.
மூன்று, கடைசி வருடத்துப் பெண்களுக்கு.
நான்காவதற்கு நாங்கள் இருவர்.

போன செவ்வாய் நேரம் பார்த்தார்கள்.
ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி,
இருவருக்கும்.
புள்ளிக்கு அப்பால்தான் பிரிந்தோம்.
அவளுக்குப் பூஜ்யம் ஆறு, எனக்கு இருபத்தெட்டு.
அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள
அன்றிரவு கண்ணாடி முன் நின்று கண் சிமிட்டினேன்.
சிமிட்டி முடிப்பதற்குள் அது போய்விட்டிருந்தது.

கோச் பெட்ராஸ் பட்டியலை ஒட்டும்போது
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
கீழே பென்சிலில்: எண்ணுபவர், மார்னி.
கேட்டது பா நியாதானாம்.

இன்று ஸ்டீவன்ஸ் பாயிண்டில், ஐந்தாம் தடத்தின் கோடியில்,
தரை ஓட்டின் சதுரங்கள் முழங்காலில் பதிய
நான்.
ஏழு.
ஒன்பதில் பின்தங்குகிறாள், அடுத்த தடத்துப் பெண்ணின்
இடுப்பளவுக்கு.
பதினொன்றில் பலகையை மேலும் கீழும் ஆட்டுகிறேன்:
வா, வா, வா.
தண்ணீருக்குள் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு சொல்தான்.

கடைசித் திருப்பத்துக்கு எண் கிடையாது.
முழு ஆரஞ்சு.
அதைப் பார்த்தவள் இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும்.

பதினைந்தைக் காட்டிவிட்டு
பதினேழைத் திருப்பும்போது
என் விரல் ஒரு தகடு தாண்டிப் போனது.
ஆரஞ்சு.
நீருக்கு மேலேதான், இன்னும் அமிழ்த்தவில்லை.
இரண்டு நீளம் முன்னதாக.
இப்போதே கொட்டிவிடுவாள்,
சுவரைத் தொட்டு நின்றுவிடுவாள்,
எல்லோரும் நீந்திக்கொண்டிருக்க
தலையை உயர்த்தி நேரப் பலகையைப் பார்ப்பாள்.
விரல் ஈரம், வழுக்கிவிட்டது என்றால்
யார் மறுப்பார்கள்?

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன்?
இருபத்திரண்டு நூறில் பங்கு இருக்கும்.
பதினேழைத் திருப்பி அமிழ்த்தினேன்,
முழங்கை வரை.

அடுத்த முறை ஆரஞ்சு.
அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஐந்து முப்பத்தெட்டு. எட்டாவது இடம்.
ஈரத் துண்டோடு வந்து அணைத்தாள்,
என் சட்டையெல்லாம் நனைந்தது.

வாசா திரும்பும் பேருந்தில்
ஒட்டரிசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:
"குதிச்சப்பவே கண்ணாடிக்குள்ள தண்ணி போயிடுச்சு.
ஒரு எண்ணும் தெரியல.
நீ என்ன காட்டுனேன்னே தெரியாது.
கடைசியா ஒரு ஆரஞ்சு வந்துச்சு பாரு,
அதை மட்டும் நம்பி அடிச்சேன்."

வெளியே சோளம் அறுத்த வயல்கள்,
தாள்களுக்கிடையில் முதல் பனி.
பாதியை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
நெடுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.