முப்பத்தைந்து

முதலில் தண்ணீர், பிறகுதான் உப்பு.
மாற்றிப் போட்டதில் ஒருமுறை
வாளியடியில் வெள்ளையாய் இறுகிப்போனது.
இருபது லிட்டருக்கு எழுநூற்று நாற்பது கிராம்,
ஆய்வகத்தில் கழித்துக் கட்டிய தராசில் நிறுத்தது.
சின்ன மோட்டாரை உள்ளே ஓடவிட்டுத் தூங்கினால்
விடியும்போது தெளிந்திருக்கும்
ஒரு வாளிக் கடல்.

திருத்துறைப்பூண்டி முழுக்கக் கறிக்கடையில் நிற்கும்
ஞாயிற்றுக்கிழமை காலை
ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறேன்.
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு
முப்பத்தைந்தில் நிற்க வேண்டும்.
முப்பத்தாறு.
இன்னும் அரை லிட்டர் நல்ல தண்ணீர்.

கீழ்வீட்டுத் தையல்நாயகி அக்கா
மாடிப்படியில் நின்று கேட்டாள்:
"போர்த்தண்ணில உப்பெடுக்க ஒரு மிசினு,
எடுத்த தண்ணில போட
ஆயிரம் ரூவாய்க்கு உப்பு.
ஒனக்கு ஒண்ணும் இல்லயே?"

ஒன்றும் இல்லை அக்கா.
காந்தத்தை இழுத்துக் கண்ணாடிப் பாசி வழிக்கிறேன்.
மணல் அகப்பட்டால் கீறிவிடும் என்று
அடியில் ஒரு விரல்கடை விட்டுவிடுவேன்.
நுரைக் கோப்பையைக் கவிழ்க்கும்போது
மூச்சை அடக்கிக்கொள்வேன்.
பொத்தான் பவளங்களைக் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.
அழகாய் இருக்கும், விஷம்.
தோல்பவளம் மூன்று நாளாய்ச் சுருங்கிக் கிடக்கிறது.
செத்ததா என்று கேட்காதீர்கள்,
தோலுரிக்கிறது.
அதற்கு நான் செய்யக்கூடிய உதவி
சும்மா இருப்பது.
இதைக் கற்றுக்கொள்ள இரண்டு பவளம் செலவானது.

திங்கட்கிழமை வேறு உப்பு.

இடும்பாவனத்து வைரக்கண்ணு
உரச்சாக்கின் மூலையில் முடிந்து கொண்டுவந்த மண்.
கலக்கி, வடித்து, மீட்டரை விட்டால்
ஆறு புள்ளி எட்டு.
"போர்த்தண்ணியா வுட்டீங்க?"
"ஆத்துத் தண்ணி வரலங்க.
பயிரு காயுறப்ப வேற எத வுடுறது?"

நீர் போய்விடும், உப்பு போகாது.
இவ்வளவுதான் விஷயம்.
படிவத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்:
'நல்ல நீர் தேக்கி மும்முறை வடிக்கவும்.'
நல்ல நீர் எங்கிருந்து என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

வீட்டிலும் அதே விஷயம்.
ராத்திரிக்குள் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர்
தொட்டியிலிருந்து காணாமல் போகும்.
சித்திரையில் மூன்று.
கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு டேப் வரைக்கும்
உப்பில்லாத தண்ணீர் ஊற்றுவேன்.
மதகு இல்லை, முறை இல்லை,
மேட்டூர் மட்டம் பார்த்துப் பேப்பர் மடிப்பதில்லை.
இரண்டு கோமாளி மீன்களுக்காக
காலை ஏழு மணிக்குத் தவறாமல் தண்ணீர் திறக்கப்படுகிறது
கடைமடையில்.

கழித்த தண்ணீரை முன்பெல்லாம்
கொல்லையில் ஊற்றினேன்.
கறிவேப்பிலை மரம் கருகியபோது
தையல்நாயகி அக்கா பூச்சி என்றாள்.
மண்ணெடுத்துச் சோதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.
இப்போது மொட்டைமாடியில் தகரத் தட்டுகள்.
நாலு நாள் வெயிலில்
சுரண்டி எடுக்க ஒரு கை உப்பு.
சமையலுக்கு ஆகாது, எறியவும் இடமில்லை.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கிறது.
மழைக்காலத்தில் என்ன செய்கிறேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு வைரக்கண்ணு
மறுபடி மண்ணோடு வந்தார்.
ஐந்து புள்ளி ஒன்பது.
"கொறஞ்சிருக்கா?"
"கொறஞ்சிருக்கு."
ரசீது கிழிக்கையில்
என் துப்பட்டா ஓரத்தைப் பார்த்தார்.
தொட்டியில் நனைந்து காய்ந்த இடம்,
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
அவர் பூமியில் பூக்கிற அதே பூ.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"ஒங்களுக்கும் நெலம் அந்தப் பக்கந்தானாம்மா?"

"ரெண்டடி இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
"பாத்துக்கங்க" என்றார்,
ரசீதை நாலாய் மடித்துக்கொண்டு.