நால்வரும் ஒருவரே

தண்டையார்ப்பேட்டையில் பேரிக்காய் மரம் கிடையாது.
இந்த வெயிலுக்கு நிற்காது,
உப்புக் காற்றுக்குச் சுத்தமாக நிற்காது.
ஆனால் எங்கள் வீட்டுக் கதவில்
மூன்று தலைமுறையாக எழுதியிருப்பது அதைத்தான்:
பெரைரா.
போர்த்துகீசில் பேரிக்காய் மரமாம்.
போன மாதம்தான் தெரிந்தது எனக்கு,
நோட்டரி ஆபீஸ் பெஞ்சில்
டோக்கன் பதினேழோடு உட்கார்ந்து
செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்.
செத்தபிறகும் அவருக்கு வரவேண்டியது
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
வாங்கப் போனால் கவுண்டரில் கேட்டார்கள்:
இதில் யாரும்மா உங்கள் அப்பா?

போர்ட் டிரஸ்ட் அட்டையில் இன்னாசி பெரேரா.
ரேஷன் கார்டில் இஞ்ஞாசி பெரியரா.
வங்கிப் புத்தகத்தில் ஐ. பரேரா.
வாக்காளர் பட்டியலில்
யாரோ நல்ல மனசுக்காரன், தமிழ் படித்தவன்,
இன்னாசி பெரியராசா என்று போட்டிருந்தான்.
ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள்
காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை
அப்பா ராசாவாக இருந்திருக்கிறார்.
அன்றைக்கும் மதியம் ஷிஃப்டுக்குப் போனார்.

பெரேரா என்றால் கொழும்பு என்பாள் ஃபிலோ சித்தி.
தலைமன்னார் கப்பல் ஏறிய சித்தப்பா ஒருவர்
போன இடத்தில் 'ரை'யைத் தொலைத்துவிட்டாராம்.
அங்கே புத்தருக்குப் பூ வைக்கிறவர்களுக்கும் அதே பேர்.
பெரைரா என்றால் கோவாவா என்று கேட்கிறார்கள்
என் கம்பெனியில், ஆசையாக.
மணப்பாடு, இப்போது ராயபுரம் என்று சொன்னால்
ஓ என்கிறார்கள்.

"எங்களுக்கு இந்த ரோதனையே இல்ல ஜெசிந்தா,"
என்றாள் டைப் அடிக்கிற ஏகவல்லி.
"அப்பா ஏழுமலை. நானு ஏ. ஏகவல்லி.
ஒத்த எழுத்து. அதுல இன்னா தப்பு வந்துடும்?"
ரெண்டு வரி அடித்துவிட்டு அவளே சிரித்தாள்:
"பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டம் காலியா இருக்கேன்னு
எங்கண்ணன் ஏழுமலைன்னு போட்டுட்டான்.
துபாய்ல ஏழு வருசமா
ஏழுமலை இங்க வா, ஏழுமலை இத்தத் தூக்கு.
எங்கப்பாவ அவ்ளோ வேல வாங்கிட்டானுங்க."

மணப்பாட்டுக் கரையில் எப்போதோ
எங்கள் ஆள் ஒருவன் தலை குனிந்திருக்கிறான்.
தோளில் கைவைத்து நின்ற கப்பல்காரன்
தன் பேரைக் கழற்றி இவனுக்கு மாட்டினான்.
அளவு பார்த்திருக்க மாட்டான்.
அதற்கு முன் இவனுக்கு என்ன பேர்?
எந்த ஏட்டிலும் இல்லை.
ஒருத்திக்குத் தெரிந்திருக்கும்.
அன்று ராத்திரி மீன்குழம்பை இறக்கிவிட்டு
பழைய பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள்.
அவனும் திரும்பியிருப்பான்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அடித்தாயிற்று:
மேற்படி நால்வரும் ஒருவரே என்று
இதனால் உறுதி கூறுகிறேன்.
கீழே என் கையெழுத்து.
அதில் எந்த எழுத்தும் தெரியாது,
அலை மாதிரி ஒரு கிறுக்கல்.
எங்கள் குடும்பத்தில்
யாரும் தப்பாக எழுதாதது அது ஒன்றுதான்.

ஜி.ஏ. ரோட்டில் தள்ளுவண்டிக்காரர்
பேரிக்கா பேரிக்கா என்று கூவிக்கொண்டிருந்தார்.
அந்தப் பேரியும் அதே ஊரிலிருந்து வந்து
இங்கே காயானதுதான்.
அரைக் கிலோ வாங்கி
பஸ்ஸ்டாப்பிலேயே ஒன்றைக் கடித்தேன்.
தண்ணீராக இனித்தது.
பல்லில் மட்டும் நறநறவென்று,
காசிமேட்டில் காற்றடிக்கும்போது
வாய் திறந்து பேசினால் வருமே, அதே மணல்.

இரண்டாவது காயில் போன் வந்தது.
பத்திரம் சரியாம். ஆதாரில் மட்டும்
ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறாராம்,
இக்னேசியஸ் பி. என்று.
அந்த 'பி' என்னவென்று கேட்கிறார்கள்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
ஒரு மரங்க.