சாவி வகையில் அறுபது ரூபாய்

பதினொரு சால்வை.
குன்னூர் கடைவீதியில் பேரம் பேசி
ஒன்று நூற்று நாற்பதுக்கு முடித்தேன்.
பொருளாளர் நான்;
சரிகை பளபளத்தால் போதும்,
குளிருக்கு ஆகுமா என்று பார்க்கவில்லை.

நவம்பரில் மண் சரிந்து பாதை போனபோது
கன்னிமுத்துவின் மருமகளை, நிறைமாதம்,
கொழுந்துப் படங்கில் ஏணை கட்டி
இரவு இரண்டு மணிக்கு
பெரிய ரோடு வரை தூக்கிப்போன
எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு.
தோள் மாற்றித் தோள்,
போன் வெளிச்சத்தில் அட்டை பிடுங்கியபடி.
கமிட்டிக்காரர்கள் நாங்கள்
கம்பளிக்குள் இருந்தோம்.
அதை எந்த நோட்டிலும் நான் எழுதவில்லை.

பாராட்டு விழா தை மாதம்.
மைக்செட், லட்டு.
பேனரில் அவர்கள் முகத்தைவிட
எங்கள் முகம் பெரிது.
"நாளைய தூண்களே" என்று தொடங்கினார் தலைவர்;
நாற்பது நிமிடம் நாளைக்கே போனது.

ஆறாவது சால்வை சுகிர்தாவுக்கு.
பாலிடெக்னிக், இரண்டாம் வருடம்.
வாங்கி, மடித்து, மைக்கைக் கேட்டாள்.
"படங்குல ஏணை கட்டுனப்ப
யாருகிட்டயும் அனுமதி கேக்கல.
கூட்டத்துக்கு வந்தா மட்டும்
பிள்ளைங்க வெளிய நில்லுங்கன்றீங்க.
இந்த ஹாலு கல்யாணத்துக்கும்
உங்க கூட்டத்துக்கும்தான் திறக்குது.
சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கட்டும்.
கமிட்டில ரெண்டு பேரு நாங்க.
சால்வ நல்லாத்தான் இருக்கு."

திறந்த கதவு வழியே மஞ்சு நுழைந்து
முன்வரிசையில் உட்கார்ந்தது.
யாரும் கைதட்டவில்லை.
கடைசி பெஞ்சில் அந்த மருமகள்
மடிக் குழந்தையின் உள்ளங்கைகளைப் பிடித்துத்
தட்ட வைத்தாள்.
சத்தம் வராத கைகள்.

"பரிசீலிப்போம்" என்றார் தலைவர்.
எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம்
அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்பது.

பத்தொன்பது வருடமாக என் சட்டைப்பையில்தான் சாவி.
அன்றைக்குத்தான் எடை தெரிந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.
பூட்டுக்கடை பாயிடம் நகல் ஒன்று.
யாரிடமும் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் நானும் பரிசீலித்திருப்பேன்.

இப்போது ராத்திரி ஒன்பதுக்கும்
ஹாலில் லைட் எரிகிறது.
பரீட்சைக்குப் படிக்கிறார்கள்,
கேரம் ஆடுகிறார்கள், சண்டையும் வருகிறது,
நாற்காலி ஒன்று உடைந்தது,
கரண்ட் பில் கூடிவிட்டது,
தலைவர் என்னோடு பேசுவதில்லை.
கண்ணாடி போன ஜன்னலுக்கு
சால்வை ஒன்றை ஆணியடித்திருக்கிறார்கள்,
சரிகை வெளிப்பக்கம்.

கமிட்டியில் இடம் இன்னும் தரவில்லை.
மாதக்கூட்டத்துக்கு வருகிறார்கள்,
அடுக்கிலிருந்து தாங்களே நாற்காலி உருவி
உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நோட்டில் எழுதினேன், நீல மையில்:
சாவி வகையில் அறுபது ரூபாய்.
வரவா செலவா என்று
தணிக்கையில் கேட்பார்கள்.