இடம் போதவில்லை

சிலோயே தீவில் நவம்பரிலும் விடாத மழை.
முற்றத்தில் சிலிண்டர்கள் நனைந்துகொண்டிருக்க
எடெல்மிரா பாரியா ஒரே மூச்சில் கேட்டு முடித்தாள்:
“செயலியா, வலைத்தளமா?
எதைச் செய்தால் இந்தப் போன் அடிப்பது குறையும்?”

நான் புவேர்த்தோ மோன்ட்டிலிருந்து
பஸ்ஸோடு படகேறிக் கடந்து வந்தவன்.
பையில் இரண்டு மதிப்பீடுகள்.
முதலில் எடுத்து நீட்டியது கனத்ததைத்தான்:
ஆண்டிராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று,
திரையில் தனி இடம்,
நள்ளிரவிலும் மணியடித்துச் சொல்லும் அறிவிப்பு.
பொய் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு மூன்று மாத வாடகை பாக்கி என்பதைச்
சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் காகிதத்தைத் தொடவேயில்லை.
“ஃபெர்மினோடு லாரியில் போய் வா.
வாங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு விலை சொல்.”

பள்ளி ஆசிரியர் மாதிரிச் செயலியை
வாசலிலேயே நிறுவிக்கொண்டார். மூன்றே நொடி.
எனக்கு மார்பு நிமிர்ந்தது.
சிப்பிப் பண்ணையில் ஒருவன்
பிளாஸ்டிக் உறையில் கட்டிய போனை
உறையோடே காட்டினான்:
“ஈரக்கை. வாயால் சொன்னால் கேட்குமா?”
கேட்காது.

அடுத்தது, கடலில் கால் ஊன்றி நிற்கும் மரவீடு.
ஒதீலியா நௌத்தோ கண்ணாடியைத் தேடி,
எடுத்து, துடைத்து, மாட்டி, அழுத்தினாள்.
இடம் போதவில்லை என்றது போன்.
“எதையாவது அழித்துவிடுங்கள்” என்றேன்,
சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
ஆட்டுக்குட்டி. மருந்துச் சீட்டு.
தவறி எடுத்த தரை, ஏழு முறை.
பிறகு ஒரு பதினோரு நிமிட வீடியோ:
புந்தா அரேனாஸில் வேலை பார்க்கும் மகன்
போன கோடையில் வந்தபோது எடுத்து வைத்தது.
சிலிண்டரை மாற்றுவது எப்படி,
ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருகுவது,
கெய்சருக்குள் நீலச் சுடர் நிற்கும்வரை
எத்தனை எண்ணுவது.
நடுவில் அவன் இருமுகிறான்,
இருமியதற்கு மன்னிப்புக் கேட்கிறான்.
“இதுதான் பெரியது” என்றாள். “இதையா?”

சிலிண்டர் கேட்கும் செயலிக்கு இடம் வேண்டி
சிலிண்டர் மாட்டும் வித்தையை
அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஃபெர்மின் சிரிக்கவில்லை.
லாரிக் கதவில் சாய்ந்து
மழையைப் பார்ப்பதுபோல் நின்றான்.

திரும்பும் வழியில் கணக்கைத் திருப்பிப் போட்டேன்.
வலைதான்.
இந்தத் தீவில் வலையைப் பற்றி
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
கனம் குறைவு. வேண்டும்போது விரிக்கலாம்,
முடிந்ததும் சுருட்டிவிடலாம்.
கிழியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்:
சிக்னல் போனால் வெறும் வெள்ளைத் திரை.
அதனால், கேட்டதைப் பிடித்து வைத்திருந்து
கோபுரம் கண்ணில் பட்டதும் அனுப்பும்படி
இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன்.
நடுவில் ஒருமுறை நாக்கு நீண்டது,
“இரண்டையுமே செய்து தரட்டுமா?”
“என்னிடம் இருப்பது ஒரு லாரி” என்றாள் எடெல்மிரா.

கட்டணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.
வீட்டுக்காரர் முகத்தை நினைத்தபடி
கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை. படகின் மேல்தளம்.
சக்காவோ நீரோட்டம் அடியில் தடதடக்க
எடெல்மிராவின் அழைப்பு,
போன் அடிப்பது குறையவேண்டும் என்றவளேதான்.
“ஒதீலியா மூன்று சிலிண்டர் கேட்டிருக்கிறாள்.”
“அப்படியானால் வேலை செய்கிறதே!”
“அவளிடம் இருப்பது ஒரே அடுப்பு.”

சன்னலோரம், ஒற்றைக் கோட்டுச் சிக்னலில்,
ஒன்றும் நடக்காததைக் கண்டு
மறுபடி, மறுபடி அழுத்தியிருப்பாள்.
மடிக்கணினியைத் திறந்தேன்.
முதல் தொடுதலுக்கே
‘கேட்டுவிட்டது’ என்று சொல்லவேண்டும் அந்தப் பொத்தான்.
விசைப்பலகையில் தூறல் விழ
கோட்டுக்குள் குனிந்து தட்டினேன்,
கரை தட்டுவதற்குள்.