அரம் பட்ட எண்

ஒஹாயோவில் மார்ச் மாதப் பனி
உருகலாமா வேண்டாமா என்று கிடந்தது.
கொட்டகைக் கதவை ராய்ஸ் தோளால் முட்டித் திறந்தார்.
உள்ளே, போர்வை விலக்கிய பிளிமத்,
எழுபதாம் வருடத்து ஆரஞ்சு,
யாரோ அணைக்க மறந்துபோன தணல் மாதிரி.

இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு.
முட்டிபோட்டு, மல்லாந்து,
பல் வைத்தியரின் கண்ணாடியை இரும்பின் இடுக்கில் நுழைத்துப்
பிறந்த தேதி கேட்பது.
ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஒரு மாதம்,
கார்புரேட்டரின் காலடியில் ஒரு எண்,
கதவுக் கீலுக்குப் பின்னால்
ஒருவரும் தொடாத முதல் பெயின்ட்.

இம்முறை அழைத்தவர்கள் இரண்டு வக்கீல்கள்.
ராய்ஸுக்கு ஒருவர், டார்லாவுக்கு ஒருவர்.
முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில்
வீடு பிரிந்தாயிற்று, படகு பிரிந்தாயிற்று,
நாய் தானாகவே டார்லாவின் வண்டியில் ஏறிவிட்டது.
மிச்சம் இது.
அசல் என்றால் விற்று ஆளுக்குப் பாதி.
ஒட்டுப்போட்டது என்றால்
பழைய டிராக்டர் விலையில் அவரே வைத்துக்கொள்ளலாம்.

"எஞ்சின் மாற்றியதுதான்," என்றார், நான் கேட்கும் முன்பே.
"வாங்கும்போதே அப்படித்தான். ஏமாந்துவிட்டேன்."
கார் வைத்திருப்பவர் வாயிலிருந்து
நான் ஒருநாளும் கேட்டிராத வாக்கியம்.

எஞ்சினின் இடுப்பில், எண் இருக்கவேண்டிய இடத்தில்
எண் இல்லை.
கிரீஸ் மட்டும், தாராளமாக.
ஐம்பது வருட கிரீஸ் கல்லாகியிருக்கும்;
இது விரலோடு வெண்ணெயாக வந்தது.
துடைத்தேன்.
அடியில் இரும்பு
சற்றுமுன் சவரம் செய்த கன்னம்போல் பளபளத்தது,
குறுக்கும் நெடுக்குமாக அரத்தின் கோடுகள்.

பித்தளைக்குப் பொன்முலாம் பூசியவர்களை
எத்தனையோ பார்த்தாயிற்று.
இரவோடிரவாகப் புது எண் அடித்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் ஆட்கள்.
பொன்னுக்குப் பித்தளை பூசியவர்
காபிக் குவளையோடு என் பின்னால் நின்றார்.
கட்டைவிரலில் புதிய பிளாஸ்திரி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கியர்பாக்ஸின் விலாவில், அவர் கை எட்டாத மேட்டில்
எட்டு இலக்கங்கள் அப்படியே இருந்தன,
ஒன்று மட்டும் சற்றே சாய்ந்து.
பிறகு பின்சீட்டைக் கழற்றினேன்.
சுருள்கம்பிகளுக்குள் எலி பாதி தின்ற தாள்:
டெட்ராய்ட்டில் யாரோ ஷிப்ட் முடியும் அவசரத்தில்
செருகிவிட்டுப் போனது.
இந்த உடலின் எண். இந்த எஞ்சினின் ரகம். இந்த ஆரஞ்சு.
எலிக்கு ரேடியோவும் சீட்டுத் துணியும் போதுமாக இருந்திருக்கிறது.

"அது எத்தனை நாளாக அங்கே?" என்றார் ராய்ஸ்.
"டார்லாவை நீங்கள் பார்ப்பதற்கு முன்பிருந்தே."
அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.
"ஒருமுறை ஸ்டார்ட் செய்யட்டுமா?"

முதல் உறுமலில் தகரச் சுவர் நடுங்கியது.
கூரையிலிருந்து பனி பாளமாகச் சரிந்து
வாசலில் விழுந்தது.
அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
கியர் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
அசல், மாற்றியது, தெரியவில்லை.
இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்:
வண்டி அசல். எஞ்சின் எண் சமீபத்தில் அகற்றப்பட்டது.
காரணம் என்ற வரியில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.

கொட்டகைக்குள் சிக்னல் இல்லை.
வக்கீல்களைக் கூப்பிடச் சேற்றில் சாலைவரை நடந்தேன்.
இரண்டு பேரிடமும் பேசி முடித்த பிறகும்
பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.