ஒற்றைக்கொம்பு

மனுவின் முதல் கேள்வி:
ஏன் நிற்கிறீர்கள்?
முந்நூறு சொற்களுக்குள் எழுதவும்.
கொளப்பள்ளியில் மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் மிச்சம் பதினெட்டு விழுக்காடு.
'நிற்கிறேன்' என்று தட்டி
அழித்தேன்.

எட்டு வருடமாக நான் பார்த்துக்கொள்வது
ஒரு வரி எங்கே
ஒடியலாம் என்று முடிவெடுக்கும் நிரல்.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருப்பித் தரலாம்.
காசு கிடையாது.
திரை எவ்வளவு ஒடுங்கினாலும்
கெ உடைந்து
கொம்பு மேல்வரியிலும் ககரம் கீழ்வரியிலுமாகக்
கிடக்கக் கூடாது.
அவ்வளவுதான் என் கொள்கை.
அதை முந்நூறு சொல்லுக்கு இழுக்க வரவில்லை.

"எலெக்சனா?" என்றார் அப்பா,
காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்தபடி.
"எத்தன ஓட்டு?"
அறுநூற்றுப் பன்னிரண்டு.
"எந்த ஊர்க்காரங்க?"
எல்லா ஊரும்தான்.
"சின்னம்?"
சின்னமெல்லாம் இல்லப்பா.
"அப்ப எதப் பாத்துக் குத்துவாங்க?"
செய்த வேலையைப் பார்த்து, என்றேன்.
அட்டை சுருண்டு விழுந்தது.
அவர் நம்பவில்லை. நானும்தான்.

கண்டியில் அவருடைய அப்பாவுக்கு ஓட்டில்லை.
கப்பலேறி, மண்டபம் முகாமில் படுத்து,
டேன்டீயில் பேர் பதிந்து
ஆறு வருடம் கழித்து இவர் கைக்கு வந்தது முதல் சீட்டு.
அமுக்கிக் குத்தியதில்
மை இரண்டு கட்டத்துக்கும் பரவிவிட்டது.
செல்லாத ஓட்டு என்று தீர்ப்பும் அவரே சொல்வார்.
சொல்லிவிட்டுச் சிரிப்பார்,
இரண்டு பேரையும் ஜெயிக்கவைத்தவர் மாதிரி.

ஒரே இருக்கை. மூன்று பேர். ஆளுக்கு ஓர் ஓட்டு.
பெர்கனிலிருந்து ஹெல்கெ நின்றான்.
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாமல்
அந்தக் கொம்புப் பிழையில் பாதியை
எனக்குத் தீர்த்துத் தந்தவன்.
அவன் அறிக்கை படிய வாரிய தலைபோல இருந்தது.
என்னுடையது நாற்பத்தொரு சொல்.
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி
சிக்னல் இரண்டு கோடு காட்டியதும் அனுப்பினேன்.
கீழே, சி. யோகமலர்.

கேள்வி நேரம் எங்களுக்கு இரவு ஒன்றரை.
பெரிய கம்பெனி பணம் கொடுத்து
எங்கள் பிழையை முதலில் பாருங்கள் என்றால்?
ஹெல்கெ பேசி முடிக்கவும்
பத்தாம் நம்பர் லயத்தில் தகரம் தட்டும் சத்தம்,
நாய்கள்,
பலாமரம் முறிகிற சத்தம்.
என்ன அது என்று கேட்டார்கள்.
கொம்பன், என்றேன். ஒற்றைக் கொம்பன்.
பிறகு அவர்களுக்குப் புரியும்படி, யானை.
யாரோ சிரித்தார்கள்.
உவமை என்று நினைத்திருக்கலாம்.
என் முறை வந்தபோது
இங்கே இலை நிறுக்கும் இடத்தில்
கணக்கப்பிள்ளை மகளும் வரிசையில்தான் நிற்பாள்
என்று மட்டும் சொன்னேன்.
அதற்குள் லைன் அறுந்தது.

வாக்குப் பக்கம் திறந்தபோது
என் பேருக்கு நேரே சுட்டியை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பந்தியில் தன் இலைக்குத் தானே
முதலில் பரிமாறிக்கொள்வது போல இருந்தது.
ஹெல்கெக்குப் போட்டேன்.

முடிவு: அவனுக்கு இருநூற்று மூன்று.
எனக்கும் இருநூற்று மூன்று.

விதிப்படி குலுக்கல்.
அதற்கும் ஒரு நிரல், நாலே வரி,
எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கிறது.
ஹெல்கெ என்றது.
மூன்று முறை படித்துப் பார்த்தேன்.
பிழை இல்லை.

நன்றி என்று எழுதியிருந்தான்.
யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை.
அப்பா கேட்டார் என்னை.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு
"அமுக்கிக் குத்திட்ட போல" என்றார்.