ஞாயிற்றுக்கிழமை கைமாற்று

மணமுறிவில் பாத்திரபண்டங்கள் சுலபமாகப் பிரிந்தன.
நாயின் வயிற்றைத்தான் பிரிக்க முடியவில்லை.

ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் ஐவாருக்கு.
தார்த்துவின் வளைவுப் பாலத்தடியில்
பனி இறுகிய நடைபாதையில்
கயிறும் டப்பாவும் கைமாறும்:
குழைய வெந்த அரிசி, தோலுரித்த வான்கோழி,
ஒரு கரண்டி பூசணி.
உப்பு கூடாது. வெண்ணெய் கூடாது.
இரக்கமும் கூடாது என்று
மூடியில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எங்களுக்குள் மிஞ்சிய பேச்சு
இப்போது குறுஞ்செய்தியில்:
"காலையில் கெட்டி."
"மதியம் கொஞ்சம் இளக்கம்."
பதினாறு வருடத்தில்
இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல்
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நேற்று என் முறை தொடங்கிய இரவே, மூன்று மணிக்கு
மூரி கதவைப் பிறாண்டியது.
மைனஸ் பதினொன்றில்
இரவுச்சட்டைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
புதருக்கும் விளக்குக்கம்பத்துக்கும் இழுபட்டேன்.
அதன் குடல் கடமுடவென்றது.
மூச்சில் புகைமீன் வாசம்.

கேட்டேன்.
"சத்தியமாக இல்லை."
எத்தனை சத்தியம் பார்த்தவள் நான்.
அப்போதெல்லாம் கையில்
இப்படியொரு வயிறு இல்லை.

விடிந்த பிறகு இன்னொரு செய்தி:
"ஒரே ஒரு துண்டு.
வாலை ஆட்டியது. முடியவில்லை."

பதில் போடவில்லை.
கஞ்சியை ஆறவைத்து விரலில் தொட்டு நீட்டினேன்.
அரைமனதாக ஒரு நக்கு.
பிறகு மூக்கைத் தட்டுக்குள் விட்டு
சோற்றை இந்தப் பக்கம் தள்ளி
அந்தப் பக்கம் தள்ளி
மீனைத் தேடுகிறது,
அவன் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து.